நல்ல தண்ணீரில் நனைத்த நாற்று

தம்பி,

சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தங்கும் இடத்தில் கொசு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுத்தான் ஒரு தாய் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதையெல்லாம் போனிலேயே கேட்டு முடித்துவிட்டேன். போனில் சொல்ல வராத ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்று முன்தினம்கூடச் சொல்ல வாயெடுத்தேன். நீ “சிக்னல் சரியா இல்லம்மா” என்றாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, என் குரல்தான் இறங்கிப்போயிருந்தது. ஆனாலும் பழியை டவர் மேல் போட்டுவிட்டு நானும் தப்பித்துக்கொண்டேன். தப்பித்துக்கொள்வதில் உன் அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் தெரிந்துகொள்வாய். இதை நான் உனக்கு மட்டும் எழுதவில்லை. முதலில் நம் உழவர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன். அத்தனை பேர் முன்னால் உன்னைப் பேசியவள் நான். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பு ஆகாது.

நீ குண்டூருக்குக் கிளம்பிய அன்று மீன்சுருட்டி பஸ் ஸ்டாப்பில் நின்றோமே, அதிலிருந்து தொடங்குகிறேன். உன் அப்பா லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போய்விட்டதால் நாம் இருவர்தான் நின்றோம். பூச்சிமருந்துக் கம்பெனி கொடுத்த புதுப் பை உன் தோளில் இருந்தது. நான் உன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னம்மா, என்னையும் விருந்தாளி ஆக்கிட்டியா?” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பஸ் போன பிறகு அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். பழக்கடைக்காரர், “புள்ள ஊருக்குப் போனா அழுவறதுதாங்க, வேலைக்குத்தான போவுது” என்று ஆறுதல் சொன்னார். எனக்கு வந்தது அழுகை இல்லை தம்பி, வெட்கம். அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

நீ கேட்ட கேள்வி கூட்டத்தில் இருக்கும் வெளியூர் மருமகள்களுக்குப் புரியாது என்பதால் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் வீட்டில் எப்போதும் இரண்டு குடம். ஒன்று போர் தண்ணீர், உப்பு. இன்னொன்று பஞ்சாயத்துக் குழாயில் எப்போதாவது வரும் கொள்ளிடத்துத் தண்ணீர், நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் விருந்தாளிக்கும் காய்ச்சல் கண்டவருக்கும். உப்புத் தண்ணீர் நமக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் இது தெரியாமல் போர் தண்ணீரில் பருப்பு வேகவைத்தேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, பருப்பு கூழாங்கல்லாகவே கிடந்தது. எனக்குச் சமைக்கத் தெரியாது என்று ஊர் சொல்லப்போகிறதே என்று அழுதேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன் தப்பு இல்ல, நம்ம தண்ணி அப்படி” என்றார். அன்றே ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அது தப்பான பாடம். நம்முடையது எதுவோ அது மட்டம், வெளியிலிருந்து வருவதே உசத்தி என்று மனதில் எழுதிக்கொண்டேன். உன் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் கை கழுவக்கூட நல்ல தண்ணீர்தான் வைத்தேன். நிலம் எங்கே என்று கேட்டபோது, ஏரிப் பக்கம் என்று பொதுவாகக் கையைக் காட்டினேன்.

அந்த நிலம் நமக்கு எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். உன் தாத்தா பிறர் வயலில் உழைத்தே வாழ்நாளைக் கழித்தவர். அவருக்கென்று ஒரு துண்டு மண் கிடைத்தபோது, அது எவரும் வேண்டாம் என்று ஒதுக்கிப்போட்ட உவர் நிலமாக இருந்தது. உப்பு என்பதால்தான் அது நம் கைக்கு வந்தது. சித்திரையில் தரை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். துணி வெளுக்கிறவர்கள் வந்து உவர்மண்ணை அள்ளிப்போவார்கள். “டீச்சர் காட்டுல ஊரு அழுக்கெல்லாம் போவும், நெல்லுதான் வராது” என்று பால்வாடி டீச்சரான என்னைக் கலியமூர்த்தி மாமா கேலி செய்வார். அவருடைய வயலும் நம் வயலை ஒட்டித்தான், அதுவும் பாதி உப்புத்தான். ஆனாலும் கேலி செய்ய ஒருவருக்கு இன்னொருவர் வேண்டியிருக்கிறதே. உன்னை அந்தச் சேற்றில் கால் வைக்க விடக்கூடாது என்பதுதான் நான் கும்பிட்ட சாமியிடமெல்லாம் கேட்டது. நீ வேளாண்மை படிக்கப்போகிறேன் என்றபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆபீசில் உட்காரும் வேளாண்மையாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நீ படித்து முடித்து என்ன கொண்டுவந்தாய்? பாட்டில் பாட்டிலாகக் கிருமி. நம் வரப்போரம் எது கருகினாலும் கருகாமல் நிற்குமே ஒரு கோரைப்புல், அதன் வேரைப் பிடுங்கி நீ கல்லூரிக்குக் கொண்டுபோனபோது, பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். அந்த வேரில் ஒட்டியிருந்ததைத்தான் அங்கே வைத்துப் பெருக்கி, கலங்கலான கஞ்சி நிறத்தில் திரும்பக் கொண்டுவந்தாய். அடுப்படியில் உட்கார்ந்து நீ சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. “செடிக்கு உப்பு பட்டா பயம் வந்துடும்மா. அந்தப் பயத்துல அதுவே ஒரு வாயுவ உண்டாக்கி வேரச் சுருக்கிக்கும், எலய உதுத்துடும். உப்பு பாதி கொல்லுது, பயம் பாதி கொல்லுது. இந்தக் கிருமி வேருல ஒட்டிக்கிட்டு அந்தப் பயத்தத் தின்னுடும்.” உப்பை எடுத்துவிடுமா என்று கேட்டேன். இல்லை, உப்பு அங்கேயேதான் இருக்கும், பயிர் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான் என்றாய். விளைச்சல் அள்ளிக் கொட்டும் என்றும் சொல்லவில்லை. கருகுகிற பயிர் கருகாமல் நிற்கும், அதுவே நமக்குப் பெரிது என்றாய். நீ எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்பதை இங்கே எல்லோரும் கேட்கும்படி எழுதுகிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இது பலித்துவிட்டால் நானும் சிநேகிதர்களும் ஜெயங்கொண்டத்தில் ஒரு சின்னக் கூடம் எடுத்து இதையே தயார் செய்யப்போகிறோம், வெளியூர் வேலைக்குப் போகமாட்டேன் என்றும் சொன்னாய். உன் அப்பா மகிழ்ந்தார். நான் குழம்பைக் கிளறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். எந்த மண்ணிலிருந்து உன்னைத் தள்ளிவைக்க இவ்வளவு பாடுபட்டேனோ, அந்த மண்ணின் அழுக்கையே பாட்டிலில் அடைத்துக்கொண்டு வந்து நிற்கிறானே என்று வயிறு எரிந்தது.

ஆனால் நடவு நாளில் நான் செய்ததை வேண்டுமென்று செய்யவில்லை. இதை மட்டும் நம்பு. நீ குன்னம் பக்கத்து விவசாயிகளுக்கு மீதிப் பாட்டில்களைக் கொடுக்க விடியலிலேயே கிளம்பிவிட்டாய். போகும்போது, பாட்டிலை டிரம் தண்ணீரில் கலந்து, நாற்றுக் கட்டின் வேரை அரை மணி நேரம் அதில் ஊறவைத்து நடச் சொன்னாய். போர் தண்ணீரே போதும் என்றும் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. பால்வாடியில் இத்தனை வருடமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே கிருமி என்றால் கழுவு, துடை, கொல்லு என்பதுதான். ஒரு புனிதமான காரியத்துக்கு அழுக்கு டிரம்மா என்று பால்வாடித் தொட்டிக்குக் கொடுத்த பிளீச்சிங் பவுடரைப் போட்டு டிரம்மைத் தேய்த்தேன். அவசரத்தில் ஒரே ஒரு அலசல். அப்புறம்தான் என் பெரிய மனசு வேலை செய்தது. என் பிள்ளை முதன்முதலாகக் கொண்டுவந்தது, அதற்குப் போய் உப்புத் தண்ணீரா வைப்பது என்று தோன்றியது. விருந்தாளிக்கு வைப்பதுபோல, பஞ்சாயத்துக் குழாயிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீரைச் சுமந்து வந்து டிரம்மை நிரப்பினேன். அன்றைக்குத்தான் மேல்தொட்டியைக் கழுவி மருந்து போட்டிருந்தார்கள். தண்ணீரே மூக்கைத் துளைத்தது. நன்றாகச் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டேன்.

நம் நாற்றும் கலியமூர்த்தி மாமா நாற்றும் அந்த டிரம்மில்தான் நனைந்தன. வரதராஜன்பேட்டையிலிருந்து நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மேரிக்கு வரிசையில் நிற்கப் பொறுமையில்லை. தன் பங்கைப் பாட்டிலிலிருந்தே ஒரு சொம்பில் வாங்கிக்கொண்டு போய், அவள் வயலிலேயே போர் தண்ணீர் இறைத்துக் கலந்து நட்டுவிட்டாள். “என்ன பொம்பள நீ, நல்ல தண்ணி இருக்கறப்ப உப்புத் தண்ணியில போயி கலக்குற” என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். உப்புத் தண்ணீரிலேயே பிறந்து, உப்பு வேரிலேயே வளர்ந்த உயிருக்கு அதுதான் தாய்வீடு என்று எனக்கு உறைக்கவே இல்லை.

எப்போது உறைத்தது என்று சொல்கிறேன். நடவு முடிந்து சில நாளில் வீட்டில் தயிர் உறையவில்லை. உறை ஊற்றிய பால் அப்படியே பாலாகக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. பால்காரரைத் திட்டினேன். அப்புறம் தயிர்ச் சட்டியை மோந்து பார்த்தால் பிளீச்சிங் பவுடர் நாற்றம். மிச்சமிருந்த பவுடரில் அதையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறேன். தயிரும் கிருமிதானே, அதைக் கொன்றுவிட்டேனே என்று என் புத்தியை நானே மெச்சிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டிரம் ஞாபகம் வந்தது. சட்டியைக் கையில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எழுந்து உன்னிடம் வந்து சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. தெரியாமல் செய்ததற்கு யாரும் யாரையும் தூக்கில் போடுவதில்லை. வீட்டுக் கொல்லையில், நட்டது போக மிஞ்சிய நாற்றுக்குப் பக்கத்தில் நீ குந்தி உட்கார்ந்து இலை நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வாசற்படி வரைக்கும் வந்தேன். வந்தவளை ஒரு நினைப்பு நிறுத்தியது. இது பலிக்காமல் போனால் பிள்ளை இந்த ஊரை விட்டுப் போய்விடுவான். அந்த நினைப்பு வந்ததும் என் உடம்பு லேசாயிற்று. மகனே, நான் சந்தோஷப்பட்டேன். பயிர் சாகப்போகிறது என்று தெரிந்து ஒரு விவசாயி வீட்டுப் பெண் சந்தோஷப்பட்டாள். இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

மார்கழிக்குள் நம் வயலும் மாமா வயலும் நுனி கருகி, வழக்கம்போல் திட்டுத்திட்டாய்ச் செத்தன. மேரியின் கீற்று நிலம் மட்டும் பச்சையாக நின்றது. ஆனால் அது ஓரமாக இருக்கும் சின்ன இடம். மேட்டு நிலம், உப்பு இறங்கியிருக்கும் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். அது மேடு இல்லை என்று தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் சமுதாயக்கூடத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. கலியமூர்த்தி மாமா கோபமாகத்தான் வந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. உன்னைப் பேசவிட்டார்கள். எங்கே தவறு நடந்தது என்று தெரியவில்லை, இன்னொரு பருவம் பார்க்கலாம் என்று நீ மெதுவாகச் சொன்னாய். மாமா என் பக்கம் திரும்பி, “பெத்தவ நீ சொல்லு டீச்சர், ஒம் மவன் சொல்றத நம்பலாமா?” என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று சொன்னேன்: “எம் மவன் படிச்சது பரீட்சைக்கு ஆவும் மாமா, பயிருக்கு ஆவாது.”

கூடமே சிரித்தது. நான் எப்போதும் துடுக்காகப் பேசுகிறவள் என்று பெயரெடுத்தவள் ஆயிற்றே, இன்னும் ஒன்று சொல்லமாட்டேனா என்று எதிர்பார்த்தார்கள். நீ என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். குன்னத்துக்காரர்கள் காதுக்கும் விஷயம் போய், அவர்கள் பாட்டில்களைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் சிநேகிதர்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டார்கள். பொங்கல் கழிந்ததும் நீ பூச்சிமருந்துக் கம்பெனி வேலையை ஒப்புக்கொண்டாய். கோயிலில் அர்ச்சனை செய்தேன். ஐயர் யார் பேருக்கு என்று கேட்டபோது உன் பெயரைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை பார், அதைச் சொல்கிறேன்.

நீ போன பிறகு மேரி வந்தாள். கையில் நாலைந்து கதிர். நம் உவர்க்காட்டில் அப்படி மணி பிடித்த கதிரை நான் கண்டதில்லை. வாழ்த்து வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் உட்காரவில்லை. தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டு, சத்தியத்தை மீறப்போகிறேன், பாதிரியாரிடம் அப்புறம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன் என்றாள். நடவு அன்று சாயங்காலம் நீ குன்னத்திலிருந்து வந்ததும் நேரே வயலுக்குப் போனாயாம். கவிழ்த்து வைத்திருந்த காலி டிரம்மைத் தூக்கி மோந்து பார்த்தாயாம். அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“மோந்து பாத்துட்டு அப்படியே குந்திடுச்சு டீச்சர். என்னா தம்பின்னு கேட்டன். ‘எங்கம்மா கை வேலக்கா. பாவம், சுத்தமா இருக்கணும்னு பண்ணிருக்கு. தெரிஞ்சா மனசு ஒடஞ்சி பூடும், யாருகிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னுச்சு.”

மறுபடி ஒரு தடவை வேருக்கு ஊற்றியிருக்கலாமே என்று கேட்டேன். “ஊத்துனா ஏன் ஊத்துறன்னு மாமா கேப்பாரு. கேட்டா ஒங்க பேர சொல்லணும்ல” என்றாள் மேரி. கதிரை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே தம்பி, கூட்டத்தில் நான் எழுந்து நின்றபோது உனக்கு எல்லாம் தெரியும். யாருடைய கை என்று தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்தாயே, அதை நான் வலி என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது, தெரியாமல் பேசுகிறாள், போகட்டும் என்று நீ என்னை மன்னித்த பார்வை அது. எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. நீ என்னைக் காப்பாற்ற வாய் மூடினாய். நான் என் பயத்தைக் காப்பாற்ற வாய் திறந்தேன். பிள்ளை வளர்த்தேன் என்று நான் மார்தட்டிக்கொண்டதெல்லாம் பொய். நீ தானாகத்தான் நன்றாக வளர்ந்திருக்கிறாய்.

இதுவரை எழுதியதை நேற்றுக் கூட்டத்தில் படித்தேன். இனி வருவது இன்று எழுதுவது. படிக்கும்போது பாதியில் உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அதிலும் தவறினேன். திரும்பி வந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டார், உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. இன்று காலையில்தான், “சோறு போடு” என்றார். அதுவரைக்கும் நல்லது.

படித்து முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன், அது எளிதாக இருந்திருக்கும். கலியமூர்த்தி மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருடைய வயலும்தானே என் டிரம்மில் செத்தது. திட்டுங்கள் மாமா என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “திட்டறதுக்கு என்னா இருக்கு. நானும் அந்த டிரம்முல கைய வுட்டன், நாத்தம் அடிச்சிது. டீச்சரு வூட்டு டிரம்மு, சுத்தமாத்தான் இருக்கும்னு நெனச்சன்” என்றார். போகும்போது திரும்பி நின்று, அந்தப் பையன் அன்றைக்குத் தலையைக் குனிந்தானே, அதற்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோமே என்றார். மேரியின் கீற்றை இன்று காலையில் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அது மேடு இல்லை என்று நானே வரப்பில் நின்று காட்டினேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்றாலும் அம்மா என்பவள் சும்மா இருக்கமாட்டாள். நாளைக்கு நீயும் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாவாய். அதன் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று உனக்கு எப்போதாவது தோன்றினால், கொஞ்சம் நின்று, நல்லது யாருக்கு என்று ஒரு முறை கேட்டுக்கொள். நான் கேட்கவில்லை. உன்னைச் சேற்றிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் உப்புக்காட்டுக்காரி என்ற பெயரிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உன்னைத் தூரத்துக்கு அனுப்பினேன். பயம் பாதி கொல்லும் என்று நீ நாற்றுக்குச் சொன்னது உன் அம்மாவுக்கும் பொருந்தும் என்று உனக்கு அப்போது தெரிந்திருக்காது.

வேலையை விட்டுவிட்டு வா என்று இப்போது சொல்லமாட்டேன். போ என்று பயத்தில் தள்ளியவள், வா என்று வெட்கத்தில் இழுக்கக்கூடாது. அது உன் வாழ்க்கை, நீயே முடிவு செய். என்னை மன்னித்துவிட்டேன் என்று உடனே போன் செய்யாதே. நீ மன்னிக்கிற வேகம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். கொஞ்ச நாள் கோபமாக இரு. எனக்கு அது வேண்டும்.

குன்னத்திலிருந்து திரும்பி வந்த பாட்டில்களை நீ அரிசிப் பானைக்குப் பின்னால், வெயில் படாத மூலையில் வைத்துவிட்டுப் போயிருந்தாய். எடுத்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு நாற்றமெடுத்துவிட்டன, மற்றவை உயிரோடு இருக்கின்றனவா என்று உன் கல்லூரியில் கேட்டு அனுப்பியிருக்கிறோம். மேரியும் மாமாவும்தான் இன்று மத்தியானம் எடுத்துக்கொண்டு போனார்கள், நான் போகவில்லை. செத்திருந்தால் வரப்போரத்துக் கோரை அங்கேயேதான் நிற்கிறது, வேரைப் பிடுங்கித் தருகிறோம் என்று மாமா அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாசியில் கேழ்வரகு நாற்று விடப்போகிறோம். டிரம்மை ஆற்று மணல் போட்டுத் தேய்த்து, நாள் முழுக்க வெயிலில் காயவைத்தேன். சோப்புகூடக் காட்டவில்லை. நடவு அன்று அதை நிரப்பப்போவது நம் போர் தண்ணீர்தான்.

நீ அடுத்த பொங்கலுக்கு வருவாயோ, அதற்கு முன்னால் வருவாயோ, எனக்குத் தெரியாது. எப்போது வந்தாலும் முதலில் டிரம்மை மோந்து பார். அப்புறம் வீட்டுக்கு வா. நல்ல தண்ணீர்க் குடம் வாசலில் மூடியபடி இருக்கும், அதைத் தொடாதே, அது வேறு யாருக்காவது. உனக்கு நான் உப்புத் தண்ணீர்தான் தருவேன். நீ விருந்தாளி இல்லை.

அம்மா